எண்ணியாச்சு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு என் அக்கா மகள் என்.சி.சி. துப்பாக்கி சுடும் பயிற்சி முடித்து வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாள் வெயில் முகத்திலேயே தெரிந்தது. பூட்ஸைக் கழற்றக்கூட இல்லை, திண்ணையில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்துவிட்டாள். அஞ்சு ரவுண்டும் ஒரே இடத்துல மாமா, ஒரு ரூபாய் காசை வெச்சா மறைஞ்சிடும், பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் கூப்பிட்டு எல்லாருக்கும் காட்டினார் என்று. அக்கா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள், அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், சுட்ட தோட்டாக்களின் காலி உறைகளைப் பற்றி. "காலியெல்லாம் எண்ணியாச்சாம்மா?" அவள் சோற்றைப் பிசைந்தபடி, "அதெல்லாம் எண்ணியாச்சு மாமா" என்றாள்.

அந்த 'ஆச்சு' என்னை விடவில்லை. சின்னப் பெண், பசியோடு வந்திருக்கிறாள், அவளிடம் போய் என்ன கேட்பது? சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் மூன்று வாரமாக உள்ளே ஏதோ உறுத்திக்கொண்டே இருக்கிறது. கேள்வி கேட்ட நானும் 'எண்ணியாச்சா' என்றுதானே கேட்டேன்? தமிழில் இது ரொம்ப வசதியான ஒரு சொல். சாப்பிட்டாச்சு, பூட்டியாச்சு, பணம் கட்டியாச்சு. வேலை முடிந்தது தெரியும், முடித்தது யார் என்று அதற்குள் இருக்காது. வீட்டில் அடுப்பை அணைச்சாச்சா என்று கேட்டால் நாலு மூலையிலிருந்தும் 'ஆச்சு' என்று குரல் வரும். மற்ற மூன்று பேரில் ஒருத்தர் அணைத்திருப்பார் என்று நாலு பேருமே நம்பிக்கொண்டிருப்பார்கள். நான் இந்தச் சொல்லைக் கண்டு பயப்பட ஆரம்பித்தது ஒரு துப்பாக்கிப் பயிற்சியில்தான், 2006 ஜனவரியில்.

அப்போது பாலிடெக்னிக்கில் மூன்றாம் ஆண்டு, மின்னியல் பிரிவு. என்.சி.சி.யில் 'பி' சான்றிதழ் முடித்து 'சி'க்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். 'சி' வாங்கினால் காவலர் தேர்வில் தனி மதிப்பெண் உண்டு, பட்டமும் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமலே பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சிக்கு நேர்முகத்துக்குப் போகலாம் என்றெல்லாம் சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். பரேடு முடிந்ததும் கிடைக்கிற பூரிக்காகத்தான் பசங்கள் சேருகிறார்கள் என்று கேலி பேசுகிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பூரி பிடிக்கும்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்தில், ஆறு மாதம் சேற்றிலும் ஆறு மாதம் வரப்பிலும் வளர்ந்த ஒரு பையனுக்கு, கஞ்சி போட்ட காக்கிச் சட்டையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடப்பது என்றால் என்னவென்று அந்தக் கேலி பேசுகிறவர்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை

பொங்கல் முடிந்த அடுத்த வாரம். அதற்கு முந்தைய ஐப்பசி கார்த்திகையில்தான் காவிரியும் கொள்ளிடமும் கரை தெரியாமல் ஓடியிருந்தன. எங்கள் பக்கத்தில் தப்பித்த சம்பா அறுவடைக்கு நின்றது. வீட்டில் ஆள் தேவை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டு நாள்தானே, போய்ட்டு வா" என்றார்.

சனிக்கிழமை முழுக்க வகுப்புதான். துப்பாக்கி என்றதும் சுடுவது மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறது, ஆனால் அந்த இரண்டு நாளில் நான் சுட்டது மொத்தமே ஒரு நிமிடம் இருக்காது. மீதி நேரமெல்லாம் கழற்றுவது, மாட்டுவது, துடைப்பது, படுப்பது, மூச்சை அடக்குவது. எங்களுக்குக் கொடுத்தது பாயிண்ட் டூ டூ ரைஃபிள். ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கையால் பின்னுக்கு இழுத்துத் தள்ள வேண்டும், மேகஸினில் ஐந்து தோட்டா. பின்சைட்டில் இருக்கிற பள்ளத்தின் நடுவில் முன்சைட்டின் முனை உட்கார வேண்டும், அந்த முனையில் இலக்கு உட்கார வேண்டும். இந்த மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவருவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். விசையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. முதல் அழுத்தம் கொடுத்து நிறுத்தி, பாதி மூச்சை விட்டு, அப்படியே இரண்டாவது அழுத்தம். துப்பாக்கி எப்போது வெடித்தது என்று உனக்கே தெரியக் கூடாது என்பார் உஸ்தாத்.

உஸ்தாத் என்பது எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஹவில்தார். கர்வால் மலைப்பக்கத்துக்காரர். தமிழ்நாட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, 'வா', 'போ', 'சாப்பாடு', 'சீக்கிரம்' எல்லாம் சரளமாக வரும். ஓய்வு பெற ஐந்தாறு மாதம்தான் பாக்கி. ஒரு தோட்டாவை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். ராணுவத் துப்பாக்கியின் தோட்டாவுக்கு அடியில் நடுவில் ஒரு பொட்டு இருக்கும், ஊசி அதில்தான் குத்தும். இதில் அது கிடையாது. விளிம்புக்கு உள்ளேயே தீப்பற்றும் மருந்தை வைத்திருப்பார்கள். ஊசி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டும், அவ்வளவுதான். சுட்ட தோட்டாவின் காலி உறையைப் பார்த்தால் விளிம்பில் ஒரு சின்ன நசுங்கல் இருக்கும். உறை என்பது ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பித்தளைக் குழல், ஒரு கிராம் எடைகூட வராது. அதை அவர் கோக்கா என்பார், நாங்கள் காலி என்போம்.

அன்று சாயங்காலம் அவர் எங்களுக்கு ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைத்தார். சுட்டு முடித்ததும் ஒவ்வொருத்தரும் துப்பாக்கியைச் சோதனைக்குக் காட்டி, சாவ்தானில், அதாவது அசையாமல் விறைப்பாக நின்று, உரக்கச் சொல்ல வேண்டிய வாக்கியம். "மேரே பாஸ் கோயி காலி கோக்கா யா ஜிந்தா ரவுண்டு நஹீ ஹை, சாப்." அதில் எனக்குத் தெரிந்த சொற்கள் காலியும் ரவுண்டும் சாபும்தான். மீதியை 'சாவ்தான்', 'விஸ்ராம்' மாதிரி ஓசையாகவே பிடித்துக்கொண்டேன். இருபது தடவை கத்தினோம். ஓசை சுத்தமாக வந்ததும் அவர் சந்தோஷப்பட்டு எங்களைச் சாப்பிட அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை

தஞ்சாவூர்ப் பக்கத்து வல்லம் தாண்டினால் பூமியே மாறிவிடும். எங்கள் பக்கத்துக் கறுப்பு வண்டலும் வாய்க்காலும் போய், செம்மண் மேடும் முந்திரியும் தைல மரமும் வந்துவிடும். அங்கேதான் சுடுதளம். ஒரு பெரிய மண்மேடு, அதன் முன்னால் இலக்குப் பலகைகள், அங்கிருந்து 25 மீட்டரில் தரைவிரிப்பு விரித்து எட்டு இடங்கள். நாலு பக்கமும் சிவப்புக் கொடி, கொடிக்கு ஓர் ஆள். பாயிண்ட் டூ டூவைப் பொம்மை என்று நினைக்காதே, குறி தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று உஸ்தாத் சொல்லியிருந்தார். 2021 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கத்தில், சுடுதளத்திலிருந்து தப்பி வந்த ஒரு குண்டு தலையில் பாய்ந்து ஒரு சிறுவன் சில நாளில் இறந்துபோன செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் கொடிகள்தான் கண்முன் வந்தன.

நாங்கள் 48 பேர். எட்டு எட்டாக ஆறு அணி, ஆளுக்கு ஐந்து ரவுண்டு, மொத்தம் 240. நான் ஐந்தாவது அணியில் மூன்றாவது இடம். படுத்ததும் செம்மண் சூடு சட்டை வழியாக வயிற்றில் ஏறியது. முதல் குண்டு எப்போது போனது என்று உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை, அதில் எனக்கு அப்படி ஒரு ஆனந்தம். இரண்டாவது, மூன்றாவதில் பதற்றம் அடங்கிவிட்டது. போல்ட்டை மெதுவாக இழுத்தேன், உறை பக்கத்திலேயே சோம்பலாக விழுந்தது. ஐந்தும் முடிந்து, கட்டளை வந்து, எழுந்து நின்று, போல்ட்டைத் திறந்து காட்டி, நெஞ்சை நிமிர்த்திக் கத்தினேன். என் குரல்தான் அன்று எல்லோர் குரலையும் விடப் பெரிது என்று நண்பர்கள் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் நாலு ஓட்டை நெருக்கமாக, ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளி. போதும், தேர்ச்சி.

நாலு மணிக்குக் காலி உறைகளை எண்ணினார்கள். 239.

மறுபடி எண்ணினார்கள். பத்துப் பத்தாகக் குவித்து எண்ணினார்கள். எங்கள் என்.சி.சி. ஆசிரியர் எண்ணினார். 239தான். உஸ்தாத் குரலை உயர்த்தவே இல்லை. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, சட்டைப்பை, பேன்ட் பை, பூட்ஸ், தொப்பி எல்லாவற்றையும் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். "பார்த்தாச்சா?" என்று ஆசிரியர் வரிசை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். "ஆச்சு சார்" என்றோம், 48 பேரும். அப்புறம் தரைவிரிப்பை உதறி, முழங்காலிட்டு, விரலால் மண்ணைச் சீய்த்துச் சீய்த்துத் தேடினோம். ஒன்றரை சென்டிமீட்டர் பித்தளை அந்தச் செம்மண்ணில் என்ன நிறத்தில் தெரியும்? சருகும் பித்தளையாகத் தெரிந்தது, கூழாங்கல்லும் பித்தளையாகத் தெரிந்தது. எவனோ நினைவுக்கு வைத்துக்கொள்ள எடுத்துவிட்டான் என்று பசங்களுக்குள் பேச்சு வந்தது. சந்தேகம் என் பக்கத்தில் சுட்ட பையன் மேல் விழுந்தது. முதல் நாள் இரவு அவன்தான், ஒரு காலி கிடைத்தால் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்வேன் என்று சொல்லியிருந்தான். நானும் அவனைத்தான் நினைத்தேன். சொல்லவும் சொன்னேன், "எடுத்திருந்தா குடுத்துடுடா, எல்லாரும் பஸ்ஸை விடப் போறோம்" என்று. அவன் பதில் சொல்லாமல் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறரைக்கு இருட்டிவிட்டது. உஸ்தாத் எங்களைப் போகச் சொன்னார். "நான் தேடுறேன். நீ போ, சாப்பாடு, வீடு." துப்பாக்கிகள் வண்டியில் கிளம்பிப் போயின, அவரும் காவலுக்கு இரண்டு பேரும் மட்டும் தங்கினார்கள்.

வாளி

எங்கள் ஊர் சாலியமங்கலத்துக்குப் பக்கம். வீட்டுக்கு வந்து சேர எட்டரை ஆகிவிட்டது. அம்மா வெந்நீர் வைத்திருந்தாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள், செம்மண் கறை காய்ந்தால் போகாது என்று சட்டையை வாளியில் சோப்புத் தண்ணீரில் போட்டு, முழங்கைக்கு மேல் மடித்திருந்த கையை விரித்துவிட்டிருக்கிறாள். வாளிக்குள் ஏதோ விழுந்த சத்தம். "தம்பி, இது என்னடா, பேனா மூடி மாதிரி?"

அவள் விரலில் அது ஈரத்தோடு மின்னியது. விளிம்பில் ஒரு சின்ன நசுங்கல்.

எப்படி வந்தது என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியும். படுத்த நிலையில் வலது முழங்கை தரையில் ஊன்றியிருக்கும், முன்கை மேல்நோக்கி இருக்கும். நான் போல்ட்டை மெதுவாக இழுத்ததில் உறை தெறிக்காமல் முன்கையில் விழுந்து, சரிந்து, சட்டைக்கையின் மடிப்புக்குள் போயிருக்கிறது. பையைப் பார்த்தேன், பூட்ஸைப் பார்த்தேன், மடிப்பைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என்னிடம் இல்லை என்று எல்லோரையும் விடப் பெரிய குரலில் கத்தியவன் நான்.

அப்பா விஷயத்தை முழுதாகக் கேட்டார். காலையில் போகலாமா என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு டி.வி.எஸ். ஃபிப்டியை வெளியே தள்ளினார். போகும் வழியில் கோவில்வெண்ணிப் பக்கத்திலிருந்து நெல் ஏற்றி வந்த லாரிகள், தஞ்சாவூர் தாண்டியதும் ஆளே இல்லாத சாலை, தைப் பனி. 30 கிலோமீட்டர் இருக்கும். நான் அந்த உறையைக் கைக்குட்டையில் முடிந்து, முடிச்சை உள்ளங்கையிலேயே பிடித்திருந்தேன்.

பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். தூரத்திலேயே பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். உஸ்தாத் உள்பனியனோடு குந்தி உட்கார்ந்து, எங்கிருந்தோ வாங்கி வந்த மணல் சலிக்கிற சல்லடையில் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார். நான் படுத்த இடத்துக்கு அப்போதுதான் வந்திருந்தார். அதற்கு முந்தைய இடங்களையெல்லாம் சலித்து முடித்துத் தனித்தனிக் குவியலாகக் குவித்திருந்தார். அந்தக் குவியல்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்பா வண்டியோடு தள்ளியே நின்றுகொண்டார்.

நான் முடிச்சை அவிழ்த்து நீட்டினேன். வாங்கி, வெளிச்சத்தில் விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். எழுந்து நின்றார். நான் அறை விழும் என்று நினைத்தேன். அவர் கேட்டது, காலையில் நான் கத்திய வாக்கியத்துக்கு எனக்கு அர்த்தம் தெரியுமா என்று. தெரியாது என்று தலையாட்டினேன். 'காலி' மட்டும் தெரியும் சாப் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தன் நெஞ்சில் கையை வைத்து, "மேரே பாஸ்" என்றார். "என்கிட்ட." மறுபடியும் நெஞ்சைத் தட்டி, "என்கிட்ட." பிறகு தனக்கிருந்த தமிழையும் கையையும் வைத்து ஒவ்வொரு சொல்லாக விளக்கினார்: என்னிடம் காலி உறையோ சுடாத தோட்டாவோ எதுவும் இல்லை, சாப். முடித்ததும் ஒன்று சொன்னார், அது இந்தியில்தான், ஆனால் அது மட்டும் எனக்கு அப்போதே புரிந்தது. தப்பு என்னுடையது, அர்த்தம் சொல்லாமல் சொல்ல வைத்தேன்.

இருபது வருஷமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து மணி நேரம் மண் சலித்த மனிதர், ஓய்வூதியத்துக்கு முன்னால் ஒரு விசாரணையைச் சந்தித்திருக்க வேண்டிய மனிதர், என் மேல் போட வேண்டியதை எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டார். அதைப் பெருந்தன்மை என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் கணக்குப்படி அது சரியான கணக்கு. யார் எதைச் செய்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அவர் பங்கு அங்கே இருந்தது, அதை எடுத்து வைத்தார். கட்டளைகள் எந்த மொழியில் இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. சாவ்தான் என்றால் உடம்புக்குத் தெரியும். ஆனால் 'என்னிடம் இல்லை' என்று ஒருவன் உறுதி சொல்வது அவனுக்கு அர்த்தமாகிற மொழியில்தான் இருக்க வேண்டும் என்று நான் இன்றைக்கும் உறுதியாக நினைக்கிறேன். ஓசையாகச் சொன்னால் அதற்குள் ஆள் இருக்க மாட்டான்.

திரும்பி வரும்போது அப்பா ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அந்தப் பையன்கிட்ட நாளைக்கே போய்ச் சொல்லிடு." போய்ச் சொன்னேன். அவன் 'சரிடா' என்றான். ஆனால் அதற்கப்புறம் நாங்கள் முன்போல இல்லை. என் வாயிலிருந்து வந்தது திரும்பி உள்ளே போகவில்லை.

லைன்

நான் ராணுவத்துக்கும் போகவில்லை, காவல்துறைக்கும் போகவில்லை. மின்சார வேலைக்கு வந்தேன், இப்போது இளநிலைப் பொறியாளர். எங்கள் வேலையில் லைன் கிளியர் என்று ஒன்று உண்டு. கம்பத்தில் ஆள் ஏறுவதற்கு முன் அந்தப் பாதையில் மின்சாரம் இல்லை என்று ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். "ஆஃப் பண்ணியாச்சா?" "ஆச்சு." எத்தனை ஆயிரம் தடவை இந்த இரண்டு சொற்கள் போனில் போய் வருகின்றன தெரியுமா? மேலே ஏறுகிறவன் இந்த 'ஆச்சு'வைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை ஏறி, வேதாரண்யம், தலைஞாயிறு, முத்துப்பேட்டை எல்லாம் தென்னையும் கம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கிடந்த நாட்களில், வெளி மாவட்டங்களிலிருந்து வந்த ஆட்களோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை பார்த்தோம். எவருக்கும் எவர் முகமும் தெரியாது. சப்ஸ்டேஷனில் ஆஃப் பண்ணியிருந்தாலும் ஏதோ ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓடும். லைனையும் ஜெனரேட்டரையும் பிரித்து வைக்கிற சரியான சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லையென்றால் அந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி உயரழுத்தப் பாதைக்கே ஏறிவிடும். நான் அப்போதுதான் போனில் 'ஆச்சா' என்று கேட்பதை நிறுத்தினேன். "யார் ஆஃப் பண்ணினது? உங்க பேரு சொல்லுங்க. உங்க கையாலயா?" என்று கேட்பேன். கோபப்பட்டவர்கள் உண்டு. நம்ப மாட்டீங்களா சார் என்று ஒருவர் வருத்தமாகவே கேட்டார். பேரைச் சொல்ல வேண்டி வந்தபோது ஒரே ஒரு தடவை எதிர்முனையில் ஒரு தயக்கம் வந்தது. "இருங்க சார், ஒரு நிமிஷம், நானே போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்." அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் எத்தனை பேருடைய கோபத்தை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வேன். அது வந்த பிறகும் இரண்டு பக்கமும், கம்பியில் வருகிற மின்சாரத்தை மண்ணுக்கு இறக்குகிற எர்த் ராடு போட்டதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஆளை ஏற்றுவேன்.

என் அப்பா ராத்திரி வயலில் இப்படித்தான் இருந்தார். "மடையை அடைச்சாச்சாடா?" என்பார். ஆச்சுப்பா என்போம். சரி என்பார், பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு தானே வரப்பில் நடந்து போய்ப் பார்ப்பார். நம்பிக்கை இல்லை என்று சின்ன வயதில் எங்களுக்கு அவ்வளவு எரிச்சல் வரும். அடைக்காத மடையால் கீழ் வயல்காரனுக்குத் தண்ணீர் போகாமல் போனால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியது தன் வாய்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நேற்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் மறுபடி பயிற்சிக்குப் போய் வந்து, காக்கிச் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தாள். கொஞ்சம் இரும்மா என்றேன். இந்தக் கதையை முழுதாக அவளிடம் சொன்னேன், சாவிக்கொத்துக்கு ஆசைப்பட்ட பையனைப் பற்றியும் சொன்னேன். அந்த வாக்கியத்தை அவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் மாமா, கூடப் படிக்கிற பொண்ணு சொன்னா என்று, தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அப்புறம் நான் சொல்லாமலே சட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வலது கை மடிப்பைப் பிரித்தாள், இடது கை மடிப்பைப் பிரித்தாள், காலரைத் தூக்கிப் பார்த்தாள், தலைகீழாகப் பிடித்து உதறினாள்.

வாசல் கோலத்தின் மேல் கொஞ்சம் செம்மண் கொட்டியது. "நான் பார்த்துட்டேன் மாமா" என்றாள்.